77-ஆம் எண் சட்டை

2025-ஆம் ஆண்டு பிப்ரவரி 2-ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை. காலைப் பலகாரத்தை முடித்துக்கொண்டு, வாரத்தில் ஒரு நாள் மட்டும் வாய்க்கும் சாவகாசத்தோடு பத்திரிகையைப் பிரித்து வைத்திருந்தேன். மணி பத்தே முக்கால் இருக்கலாம். என் மகள் கைப்பேசியை ஏந்தியபடி ஓடிவந்தாள். பதினொரு வயதுப் பெண். முகம் வெளுத்துப் போயிருந்தது.

"அப்பா! லூக்காவைக் கொடுத்துவிட்டார்களாம்!"

ஊரில் யாருக்கோ ஏதோ நேர்ந்துவிட்டது என்று எண்ணி, என் மனைவி அடுப்படியிலிருந்து கரண்டியோடு வந்து நின்றாள். விஷயம் தெரிந்ததும், "இவ்வளவுதானா?" என்று திரும்பிப் போய்விட்டாள். ஆனால் பெண்ணுக்கு அது அப்படி விட்டுவிடக் கூடியதாக இல்லை. அவள் அன்று அணிந்திருந்ததே லூக்கா டோன்சிச்சின் 77-ஆம் எண் நீலச் சட்டைதான். அசல் அல்ல, நடைபாதைக் கடையில் பேரம் பேசி வாங்கிய நகல். ஆயினும் அதை அணிந்தால் பந்து நேராகக் கூடைக்குள் விழும் என்பது அவளுடைய நம்பிக்கை.

சென்ற சங்கக் கூட்டத்தில் பேச்சுவாக்கில் இதை நான் சொன்னபோது, பெரியவர் ஒருவர், "எங்கோ அமெரிக்காவில் ஒரு பந்தாட்டக்காரனை ஒரு கம்பெனி இன்னொரு கம்பெனிக்கு மாற்றினால் பைகுல்லாவில் ஒரு குழந்தை ஏன் அழ வேண்டும்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. அதற்கு அங்கேயே பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இதழாசிரியர், "அப்படியானால் எழுதிக் கொடுங்கள்" என்றார். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன், ரயில்வேயில் கடைநிலை ஊழியனாகச் சேர்ந்து, இலாகாத் தேர்வெழுதிக் குமாஸ்தாவானவன் நான். எழுத்தில் குறை இருந்தால் அன்பர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

நாங்கள் வசிக்கும் ரயில்வே குடியிருப்புக்கு அடுத்தது நாக்பாடா. பம்பாயில் கூடைப்பந்து என்றால் நாக்பாடா என்பது பழையவர்களுக்குத் தெரியும். அங்குள்ள மஸ்தான் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்தில் சாயங்காலம் போய் நின்றால், கால் செருப்பு தேய்ந்த பையன்கள் ஆடும் ஆட்டத்தில் நேரம் போவதே தெரியாது. அப்படிப் போய் நின்றுதான் எனக்கு இந்தப் பைத்தியம் பிடித்தது. என்னிடமிருந்து மகளுக்குத் தொற்றிக்கொண்டது. ரயில்வேக்காரனுக்கு இந்த ஆட்டத்தில் ஒரு சொந்தமும் உண்டு. பெண்கள் கூடைப்பந்தில் இந்திய ரயில்வே அணி தேசியப் பட்டத்தைப் பலமுறை வென்ற அணி. காலையில் வருகைப் பதிவில் கையொப்பமிட்டுவிட்டு மைதானத்துக்குப் போகும் வீராங்கனைகளை அலுவலகத்தில் பார்த்திருக்கிறேன். என் மகளின் ஆசை எங்கே போய் நிற்கிறது என்று இதிலிருந்தே விளங்கும்.

அன்று வந்த செய்தி இதுதான். டாலஸ் மாவரிக்ஸ் என்னும் அணி, தன் தலையாய ஆட்டக்காரரான டோன்சிச்சை லாஸ் ஏஞ்சல்ஸ் லேக்கர்ஸ் அணிக்குக் கொடுத்துவிட்டு, அங்கிருந்து ஆன்டனி டேவிஸையும், மாக்ஸ் கிறிஸ்டி என்னும் இளைஞரையும், 2029-ஆம் ஆண்டில் புது ஆட்டக்காரர் ஒருவரை முதற்சுற்றில் தேர்ந்தெடுக்கும் உரிமையையும் பெற்றுக்கொண்டது. கணக்கைச் சரிக்கட்ட யூட்டா அணியும் இடையில் சேர்ந்தது. அமெரிக்காவில் அப்போது நள்ளிரவு தாண்டிய நேரம். செய்தியை வெளியிட்ட நிருபரின் கணக்கை யாரோ திருடிப் பொய் எழுதிவிட்டார்கள் என்றே பலரும் எண்ணினார்கள். இது உண்மைதான் என்று அவர் மறுபடியும் எழுத வேண்டியதாயிற்று.

நம்பாததற்குக் காரணம் இருந்தது. டோன்சிச்சுக்கு அப்போது வயது 25. ஸ்லோவேனியாவில் பிறந்து, ஸ்பெயினில் மாட்ரிட் நகரத்து அணியில் வளர்ந்து, 2018-இல் 19 வயதில் டாலஸுக்கு வந்தவர். 2023-24 பருவத்தில் ஓர் ஆட்டத்துக்குச் சராசரி 33.9 புள்ளிகள் எடுத்து, 30 அணிகள் கொண்ட என்.பி.ஏ. கழகத்திலேயே முதலிடம் பெற்றவர். அதே பருவத்தில் அணியை இறுதிச் சுற்றுக்கும் கொண்டுபோனார். அங்கே பாஸ்டனிடம் 4-1 என்று தோற்றார்கள். ஆனாலும் இறுதிச் சுற்று இறுதிச் சுற்றுதானே. அது நடந்து எட்டு மாதங்கூட ஆகவில்லை.

"அவர் என்ன தப்புச் செய்தார்?" என்று கேட்டாள் மகள்.

"தப்பு ஒன்றுமில்லை. விலை அதிகம்" என்றேன். கணக்குப் பிள்ளையின் பதில்.

அவள் சற்று நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, "அவரிடம் கேட்டார்களா?" என்றாள்.

"இல்லை" என்றேன். அந்த இரண்டாவது கேள்வி என்னைச் சுட்டது. ஏன் சுட்டது என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

விலை அதிகம் என்று நான் சொன்னது பொய்யல்ல. அந்தக் கழகத்தில் ஓர் அணி தன் ஆட்டக்காரர் எல்லோருக்கும் சேர்த்துக் கொடுக்கும் சம்பளத்துக்கு ஓர் உச்சவரம்பு உண்டு. 2024-25 பருவத்தில் அது சுமார் 14 கோடி டாலர். இது கடக்கவே முடியாத சுவரல்ல. சில வழிகளில் தாண்டலாம். ஆனால் தாண்டத் தாண்டத் தண்டவரி ஏறும். 2023-இல் ஏற்பட்ட புது உடன்பாட்டின்படி, ஒரு கோட்டுக்கு மேல் செலவழிக்கும் அணிக்கு வரி மட்டுமன்றிக் கைவிலங்கும் விழுகிறது; இரண்டு மூன்று பேரைச் சேர்த்துக் கொடுத்து ஒரு பெரிய ஆட்டக்காரரை வாங்குவது போன்ற உரிமைகள் பறிபோகின்றன. ஆக, பணமுள்ள முதலாளிகூட அள்ளி இறைக்க முடியாது. ஒரே ஆளுக்குப் பெரும்பங்கு போனால் மற்றவர்களுக்கு மிச்சம் குறைவு. நம் வீடுகளில் வாடகைக்கே பாதிச் சம்பளம் போனபின் மளிகைக்கும் பள்ளிக்கும் படும் பாடுதான்.

டோன்சிச்சுக்கு 2025 கோடையில், அந்த உச்சவரம்பில் நூற்றுக்கு 35 பங்கு பெறும் உரிமை வரவிருந்தது. ஐந்தாண்டுகளுக்குச் சுமார் 34 கோடியே 50 லட்சம் டாலர். அவ்வளவு பணத்துக்கு ஒருவரோடு கட்டுப்படுமுன் நிர்வாகம் யோசிப்பதில் தவறில்லை. அவருடைய தேகக்கட்டைப் பற்றியும், காலில் ஏற்பட்ட காயங்களைப் பற்றியும், எதிரணி பந்தோடு வரும்போது தடுத்தாடுவதில் அவர் காட்டும் அசிரத்தையைப் பற்றியும் முணுமுணுப்புகள் இருந்தன. டேவிஸோ தடுப்பாட்டத்தில் தேர்ந்தவர். தடுப்பாட்டம்தான் பட்டம் வாங்கித் தரும் என்பது டாலஸின் மேலாளர் நிக்கோ ஹாரிசனுடைய கட்சி. தாளில் எழுதிப் பார்த்தால் இதில் பைத்தியக்காரத்தனம் ஏதுமில்லை. என் மேசைக்கு இப்படி ஒரு குறிப்பு வந்திருந்தால், நானும் ஒழுங்காக இருக்கிறதென்று மேலே அனுப்பியிருப்பேன்.

ஆனால் தாளை மடித்து வைத்துவிட்டுப் பார்த்தால், இடிக்கிறது. டேவிஸும் மலிவானவர் அல்லர். 2023-இல் மூன்றாண்டுகளுக்கு 18 கோடியே 60 லட்சம் டாலருக்குக் கையெழுத்திட்டவர். வயது 31. அவருக்கும் அடிக்கடி காயம் படுவது நாடறிந்த செய்தி. ஒருவருக்கு உடம்பு நிலைக்காது என்று அஞ்சி, அவரைவிடக் கிட்டத்தட்ட ஆறு வயது மூத்த, உடம்பு நிலைக்காத இன்னொருவரை வாங்குவானேன்? பிப்ரவரி 8-ஆம் தேதி டாலஸுக்காக ஆடிய முதல் ஆட்டத்திலேயே டேவிஸ் 26 புள்ளிகள் எடுத்துவிட்டு, காயத்தோடு வெளியேறி, ஆறு வாரங்கள் ஆடவில்லை. இதை முன்கூட்டி யார் அறிவார் என்று கேட்கலாம். இந்த ஒன்றை மட்டும் ஊரே அறிந்திருந்தது.

இங்கே என் மனைவியைப் பற்றி ஒரு வார்த்தை. பம்பாயில் வசிக்கும் அன்பர்களுக்குப் பழைய துணிக்குப் பாத்திரம் கொடுக்கும் பெண்களைத் தெரிந்திருக்கும். தலையில் கூடையோடு குடியிருப்புக்கு வருவார்கள். என் மனைவி முதலில் வருபவளிடம் எதையும் கொடுத்ததே கிடையாது. எவ்வளவு பழைய புடவையானாலும், மூன்று பேரிடம் காட்டி, மூன்று பேரும் என்ன பாத்திரம் தருவார்கள் என்று கேட்டு, "இன்னொருத்தி இதற்குத் தூக்குவாளியே தருகிறாள்" என்று சொல்லி, கடைசியில் ஒரு சம்புடமாவது கூட வாங்கிக்கொள்வாள். டாலஸ் கதையை நான் அவளுக்கு விளக்கியபோது அவள் கேட்டது ஒன்றே ஒன்று: "வேறு யாரிடமும் விலை கேட்கவில்லையா?"

கேட்கவில்லை. செய்திகளின்படி, இரண்டு அணிகளின் மேலாளர்களும் ஜனவரியில் ஒரு நாள் காப்பி அருந்தியபடி இதைப் பேசத் தொடங்கினார்கள். பிறகு வெளியே மூச்சு விடவில்லை. மற்ற 28 அணிகளில் பலவும் கையிலிருப்பதையெல்லாம் அள்ளிக் கொடுத்து டோன்சிச்சை வாங்கியிருக்கும். புது ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் உரிமை என்று மேலே சொன்னேன் அல்லவா? ஆண்டுதோறும் கல்லூரிகளிலிருந்தும் அயல்நாடுகளிலிருந்தும் வரும் இளைஞர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கின்றன. அந்த முறையையே விற்கவும் வாங்கவும் செய்கின்றன. பெரிய ஆட்டக்காரரைக் கொடுக்கும் அணி, இத்தகைய உரிமைகளை நாலைந்து வாங்கிக்கொள்வதும் உண்டு. டாலஸ் வாங்கியது ஒன்று.

இதையெல்லாம் வைத்துக்கொண்டு, விலையுயர்ந்த ஆட்டக்காரரை எந்த அணியும் எக்காலத்திலும் கொடுக்கக் கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. அப்படிச் சொன்னால் 2025-ஆம் ஆண்டின் இறுதிச் சுற்றே எனக்கு எதிராகச் சாட்சி சொல்லும். அந்தச் சுற்றில் மோதிய அணிகள் ஓக்லஹோமா சிட்டியும் இண்டியானாவும். இரண்டுமே பெரும் பணக்கார நகரங்கள் அல்ல. இரண்டுக்கும் ஓர் ஒற்றுமை: பால் ஜார்ஜ் என்னும் ஒரே ஆட்டக்காரரை ஆளுக்கொரு முறை கைமாற்றியதிலிருந்துதான் இரண்டும் எழுந்தன.

ஜார்ஜ் முதலில் இண்டியானாவில் இருந்தார். 2017-இல் தாம் அங்கே நீடிக்கப் போவதில்லை என்று தெரிவித்துவிட்டார். அவரை ஓக்லஹோமாவுக்குக் கொடுத்து, ஒலடிப்போ, சபோனிஸ் என்னும் இருவரை வாங்கினார்கள். ஏமாந்துபோனார்கள் என்று அப்போது உலகமே சிரித்தது. ஐந்தாண்டு கழித்து அதே சபோனிஸைக் கொடுத்துத்தான் டைரீஸ் ஹாலிபர்டன் என்னும் இளைஞரைப் பெற்றார்கள். அவர்தான் இண்டியானாவை இறுதிச் சுற்றுக்கு அழைத்துப் போனவர். ஓக்லஹோமாவிலும் ஜார்ஜ் இரண்டே பருவந்தான் ஆடினார். 2019-இல் லாஸ் ஏஞ்சல்ஸ் கிளிப்பர்ஸுக்குப் போக விரும்பினார். ஓக்லஹோமா மேலாளர் மறுக்கவில்லை. விலையை மட்டும் சொன்னார். ஷை கில்ஜஸ்-அலெக்சாண்டர் என்னும் 20 வயதுப் பையன், கலினாரி என்னும் அனுபவசாலி, ஐந்து முதற்சுற்று உரிமைகள், இவை போதாதென்று இரண்டு ஆண்டுகள் முறையை மாற்றிக்கொள்ளும் உரிமை. அந்த ஐந்தில் ஒன்றைக் கொண்டு 2022-இல் எடுத்தவர்தான் ஜேலன் வில்லியம்ஸ். அந்தப் பையனோ 2025-இல் பருவத்தின் சிறந்த ஆட்டக்காரர் என்ற விருதையும், இறுதிச் சுற்றின் சிறந்த ஆட்டக்காரர் என்ற விருதையும் பெற்று, 4-3 என்று பட்டத்தையும் வாங்கிக் கொடுத்தார். ஏழாவது ஆட்டத்தில் ஹாலிபர்டன் குதிகால் நரம்பு அறுந்து விழுந்ததை நினைத்தால் இன்றும் மனம் சங்கடப்படுகிறது; அது வேறு கதை.

இதே ஓக்லஹோமாதான் 2012-இல் ஜேம்ஸ் ஹார்டனைக் கொடுத்தது என்பதையும் மறந்துவிடக் கூடாது. அவருக்கு அப்போது 23 வயது. அந்த ஆண்டுதான் இறுதிச் சுற்று ஆடியிருந்தார்கள். சம்பளத்தில் பேரம் படியவில்லை, வரிக்கு அஞ்சினார்கள், ஹூஸ்டனுக்குத் தள்ளிவிட்டார்கள். ஹார்டன் 2018-இல் பருவத்தின் சிறந்த ஆட்டக்காரர் ஆனார். ஓக்லஹோமா மறுபடி இறுதிச் சுற்றைப் பார்க்கப் பதின்மூன்று ஆண்டுகள் ஆயின.

ஒரே அலுவலகம், ஒரே மேலாளர். ஒரு முறை கொடுத்துக் கெட்டது, ஒரு முறை கொடுத்து வாழ்ந்தது. ஆகவே சிக்கல் விலையில் இல்லை என்பது என் அபிப்பிராயம். போக விரும்புகிறவரை, நாலு பேர் கேட்கும்போது, நாளைக்குப் பலன் தரும் இளங்கன்றுகளுக்காகக் கொடுப்பது ஒன்று. இருக்க விரும்புகிறவரை, இன்னும் வளரும் வயதில், இன்றைய செலவுக்கு அஞ்சிக் கொடுப்பது வேறொன்று. டோன்சிச் டாலஸில் வீடு வாங்கும் ஏற்பாட்டில் இருந்தார் என்று செய்தி வந்தது. போக நினைப்பவர் வீடு வாங்குவாரா?

பழங்கதை ஒன்றும் இதற்குச் சற்றுக் குறுக்கே நிற்கிறது. நேர்மைக்காக அதையும் சொல்லிவிடுகிறேன். ஒரே ஆட்டத்தில் 100 புள்ளிகள் எடுத்த வில்ட் சேம்பர்லேனை 1965 ஜனவரியில் சான்பிரான்சிஸ்கோ வாரியர்ஸ் அணி பிலடெல்பியாவுக்கு விற்றது. மூன்று ஆட்டக்காரர்களும் 1,50,000 டாலர் ரொக்கமும் கிடைத்தன. மூவரில் ஒருவர் வந்து சேரவே இல்லை. இதைவிட மோசமான வியாபாரம் உண்டா என்று தோன்றும். ஆனால் அந்தப் பருவத்தில் 80 ஆட்டங்களில் 17 மட்டுமே வென்ற வாரியர்ஸுக்குப் புதியவர்களைத் தேர்ந்தெடுப்பதில் முன்னுரிமை கிடைத்தது. ரிக் பாரி வந்தார். 1967-இல் இறுதிச் சுற்றுக்கே போனார்கள். அங்கே எதிரில் நின்றவர் யார்? பிலடெல்பியாவின் சேம்பர்லேன். 4-2 என்று தோற்றார்கள். விற்றது சரியா, தவறா? எனக்கு இன்றுவரை தீர்மானிக்க முடியவில்லை.

டாலஸுக்கும் இதே போல் ஓர் அதிருஷ்டம் அடித்தது. அந்தப் பருவத்தில் 39 ஆட்டங்கள் வென்று 43 தோற்றார்கள். 2025 மே மாதம் குலுக்கலில் நூற்றுக்கு 1.8 பங்கு வாய்ப்பை வைத்துக்கொண்டு முதலிடத்தைப் பெற்று, கூப்பர் ஃபிளாக் என்னும் 18 வயதுப் பையனை எடுத்துக்கொண்டார்கள். கிணற்றில் தவறி விழுந்தவன் கையில் புதையல் அகப்பட்ட கதை. அதற்காகக் குதித்தது புத்திசாலித்தனம் என்று ஆகிவிடுமா? ரசிகர்கள் ஆகவிடவில்லை. ஹாரிசனை வேலையிலிருந்து நீக்கும்படி அரங்கத்தில் மாதக்கணக்கில் கோஷமிட்டார்கள். நவம்பர் 11-ஆம் தேதி அவர் நீக்கப்பட்டார். லேக்கர்ஸ் மட்டும் உடனே கோட்டை கட்டிவிட்டார்களா என்றால், அதுவும் இல்லை; அந்தப் பருவத்தில் முதற்சுற்றிலேயே மினசோட்டாவிடம் 4-1 என்று தோற்றார்கள். டோன்சிச்சுக்கும் நஷ்டந்தான்: அணி மாறியதால் 35 பங்கு பெறும் உரிமை போயிற்று. ஆகஸ்டில் லேக்கர்ஸோடு மூன்றாண்டுகளுக்குப் பதினாறரைக் கோடி டாலருக்குக் கையெழுத்திட்டார். அதை நஷ்டம் என்று சொல்ல என் போன்ற சம்பளக்காரனுக்குக் கூசத்தான் செய்கிறது.

கணக்கில் ஏறாத இனம் ஒன்று இருக்கிறது. டாலஸ் அரங்கத்தின் வாசலில் ஒரு சிலை நிற்கிறது. டர்க் நோவிட்ஸ்கி என்னும் ஜெர்மானியருடையது. 1998 முதல் 2019 வரை 21 பருவங்கள் அந்த ஓர் அணிக்கே ஆடியவர். 2006-இல் இறுதிச் சுற்றில் தோற்றார். மறு ஆண்டு அவருக்குச் சிறந்த ஆட்டக்காரர் விருது. ஆனால் அணியோ எட்டாமிடத்து அணியிடம் முதற்சுற்றிலேயே மண்ணைக் கவ்விற்று. மென்மையானவர், பெரிய ஆட்டத்துக்கு உதவமாட்டார் என்றார்கள். அப்போது அவரைக் கொடுக்கக் காரணங்கள் எழுதச் சொல்லியிருந்தால் தாள் நிறைய எழுதியிருக்கலாம். வைத்துக்கொண்டார்கள். 2011-இல் பட்டம் வந்தது. 2014-இல் தமக்குக் கிடைக்கக்கூடிய சம்பளத்தில் பெரும்பகுதியை விட்டுக்கொடுத்து, மூன்றாண்டுகளுக்கு வெறும் இரண்டரைக் கோடி டாலருக்குக் கையெழுத்திட்டார். டோன்சிச்சைக் கொடுத்த மறுநாள் ஜனங்கள் வந்து கூடியது அந்தச் சிலையடியில்தான். மலர் வைத்தார்கள், சவப்பெட்டி ஒன்றைக்கூடக் கொண்டுவந்து வைத்தார்கள். பட்டம் போனதற்காக அல்ல. பட்டம் வருமோ வராதோ, இவன் நம்மவன் என்று எண்ணிக் கிடந்ததைக் கேலியாக்கிவிட்டார்களே என்பதற்காக.

இப்போது என் கதைக்கு வருகிறேன். ரயில்வேயில் பரஸ்பர மாற்றல் என்று ஒன்று உண்டு. ஒரே தரத்தில் இருக்கும் இருவர் ஒருவர் இடத்துக்கு மற்றவர் போவது. சொந்த விருப்பத்தில் தனியாக மாற்றல் கேட்டால் பணிமூப்பு முழுதும் போய், புது ரயில்வேயில் கடைசி ஆளாக நிற்க வேண்டும். பரஸ்பரமென்றால், இருவரின் பணிமூப்பில் எது குறைவோ அது இருவருக்கும். ஏறக்குறைய ஒத்த பணிமூப்புடைய ஆள் அகப்பட்டால் நஷ்டமில்லை. இப்படிப்பட்ட கோப்புகள் தினமும் என் கையில் புரள்பவை. அருப்புக்கோட்டையில் என் தாயார் தனியாக இருக்கிறார். கண்பார்வை மங்கிக்கொண்டு வருகிறது. மதுரையில் வேலை பார்க்கும் சோலாப்பூர்க்காரர் ஒருவர் பம்பாய்ப் பக்கம் வரத் துடிப்பதாக அறிந்து, 2024 டிசம்பரில் அவரோடு பேசி முடித்திருந்தேன். விண்ணப்பத்தை எழுதிக் கையொப்பமிட்டு அலமாரியில் வைத்திருந்தேன். மனைவிக்கு அரைகுறையாகத் தெரியும். மகளிடம் சொல்லவில்லை. குழந்தையிடம் என்ன கேட்பது? உத்தரவு வந்தபின் சொல்லிக்கொள்ளலாம் என்றிருந்தேன். இரண்டு மாதங்கள் நானும் வெளியே மூச்சு விடவில்லை.

அந்த நிலையில்தான், "அவரிடம் கேட்டார்களா?" என்று அவள் கேட்டது.

அந்த வாரம் முழுவதும் எனக்குச் சோறு இறங்கவில்லை. அடுத்த ஞாயிறு அவளை நாக்பாடா மைதானத்துக்கு அழைத்துப் போய், ஆட்டம் முடிந்தபின் கட்டைச் சுவரில் உட்காரவைத்துச் சொன்னேன். பாட்டியின் கண்ணைச் சொன்னேன், சோலாப்பூர்க்காரரைச் சொன்னேன். அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் அழவில்லை, கோபித்துக்கொண்டாள். "எப்போது தீர்மானித்தீர்கள்?" என்று கேட்டாள். டிசம்பரில் என்றேன். "அப்படியானால் பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது பாட்டிக்குக்கூடத் தெரியும், எனக்கு மட்டும் தெரியாது" என்றாள். அது உண்மை. நான் ஒன்றும் சொல்லவில்லை. நான்கு நாட்கள் என்னோடு பேசவில்லை.

ஏப்ரல் மாதம் டோன்சிச், லேக்கர்ஸ் அணியோடு முதன்முறையாக டாலஸுக்குத் திரும்பி வந்தார். இங்கே 10-ஆம் தேதி விடியற்காலை. ஐந்து மணிக்கே அவள் என்னை எழுப்பினாள். எழுப்பியதே சமாதானத்துக்கு அடையாளம் என்று கொண்டேன். ஆட்டத்துக்கு முன் அவருடைய ஏழாண்டுக் காலத்தைப் படமாகத் திரையில் ஓட்டினார்கள். ஆறடி எட்டங்குல மனிதர், துவாலையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அழுதார். பிறகு எழுந்து போய் 45 புள்ளிகள் எடுத்தார். ஒவ்வொரு பந்து விழும்போதும், தோற்றுக்கொண்டிருந்த டாலஸ் ஜனங்களே கைதட்டினார்கள். மகள் என் தோளில் சாய்ந்துகொண்டு பார்த்தாள். ஆட்டம் முடிந்ததும், "பாட்டியை இங்கே கூட்டி வந்தால் என்ன?" என்றாள்.

கேட்டுப் பார்த்தோம். அம்மா ஜூன் மாதம் வந்தார். பதினாறு நாட்கள் இருந்தார். மழையும், மாடிப்படியும், இந்தியும் அவருக்கு ஒத்துவரவில்லை. ஊரில் கண் தெரியாவிட்டாலும் கால் வழி காட்டும், இங்கே இரண்டும் இல்லை என்று சொல்லித் திரும்பிவிட்டார். அதைக் கண்ணால் பார்த்தபின் மகளே ஒரு நிபந்தனை சொன்னாள்: ஏழாம் வகுப்பை இங்கே முடிக்க வேண்டும், குழுவில் இருக்கும் பெண்களிடம் தானேதான் சொல்வாள், நாங்கள் சொல்லக் கூடாது. சோலாப்பூர்க்காரரிடம் இதை அப்படியே சொன்னேன். அவருக்கும் பள்ளி செல்லும் பையன் ஒருவன் இருக்கிறானாம். அவனிடம் இன்னும் கேட்கவில்லையென்று சற்றுத் தயங்கிச் சொன்னார். விண்ணப்பம் அலமாரியில் இருக்கிறது. மதுரையில் பெண்களுக்கு நல்ல கூடைப்பந்துப் பயிற்சி எங்கே கிடைக்கும் என்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன். தெரிந்த அன்பர்கள் இதழ் முகவரிக்கு எழுதினால் உபகாரமாக இருக்கும்.

சென்ற வாரம் பாத்திரக்காரி வந்தபோது, சிறுத்துப்போன துணிகளோடு அந்த நீலச் சட்டையையும் என் மனைவி மூட்டையில் சேர்த்திருந்தாள். பள்ளியிலிருந்து வந்த மகள் அதை உருவி எடுத்துக்கொண்டாள். லேக்கர்ஸ் அணியிலும் அவருக்கு 77-ஆம் எண்தான். மஞ்சளில் ஒன்று வாங்கித் தரட்டுமா என்று கேட்டேன். வேண்டாமென்றாள். சட்டை ஒன்று குறைந்ததால், பாத்திரக்காரி தருவதாகச் சொன்ன சம்புடத்தைத் திருப்பி எடுத்துக்கொண்டு, அதைவிடச் சிறியதாக ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனாள். என் மனைவிக்கு அதில் இன்னும் வருத்தம்.